கல்லாவில் உட்கார்ந்த மாமியார்

கதாநாயகன் முதல் ரீலில் வரக்கூடாது. அறிவுச்செல்வன் நடத்திய வகுப்பில் முதல் பாடம் இதுதான்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் போகிற வழியில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் வியாபார வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். 1999ஆம் வருஷம். கடை நடத்துவதற்குத் தெரிய வேண்டியது எல்லாம் பழைய காப்பியத்திலும் சினிமாவிலும் டி.வி. தொடரிலும் கொட்டிக் கிடக்கிறது, அள்ளத்தான் ஆள் இல்லை என்பது அவர் கட்சி. காப்பியத்தைத் திறந்தால் முதலில் மழை பெய்யும், ஆறு ஓடும், வயல் விளையும், நகரம் வரும். அரசன் வருவதற்குள் நமக்குத் தூக்கம் வந்துவிடும். கூத்தில் ராஜா வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று கிரீடத்தின் நுனியை மட்டும் ஆட்டிக் காட்டுவார். சினிமாவில் முதலில் செருப்பு, அப்புறம் கை, அப்புறம் கண்ணாடி, கடைசியில்தான் மூஞ்சி. ஆகவே பொருளைச் சட்டென்று காட்டாதே. சனங்களை ஏங்க விடு.

இந்தக் கொள்கைக்கு மரியாதை கொடுத்து அவர் தன் வகுப்புக்குப் பெயர்ப்பலகை மாட்டவில்லை. ஏங்கி வந்தவர்களில் பலர் கீழேயே நின்று ரேஷன் கார்டை நகல் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தக் கட்டடத்துக்குக் கேபிள் இழுத்தவன் நான் என்பதால் எனக்கு வழி தெரிந்திருந்தது. பாத்திரக் கடை ராஜமாணிக்கத்தை அங்கே அழைத்துப் போனதும் நான்தான்.

ராஜமாணிக்கத்துக்குத் தேரடித் தெருவில் கடை. பல வருஷம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு நேர் எதிரே மூன்று மாடியில் புதுப் பாத்திரக் கடை ஒன்று வந்தது, லிஃப்ட்டோடு. பாத்திரம் தேவைப்படாதவர்கள்கூட லிஃப்ட்டில் ஏறிப் பார்க்க வந்தார்கள். ஏறிவிட்டு வெறுங்கையோடு இறங்கக் கூச்சப்பட்டு ஒரு டம்ளராவது வாங்கினார்கள். ராஜமாணிக்கத்தின் கடையில் ஏணிதான் இருந்தது.

ஆவணி முகூர்த்தங்களில் சீர்ப் பாத்திர வியாபாரம் நடந்தால் கடை பிழைக்கும். நடக்காவிட்டால் கடையை மூடிவிட்டு, வேலூரில் மச்சான் வைத்திருக்கும் கடையில் போய் வேலைக்கு நிற்க வேண்டும். மச்சான், அதாவது ராஜமாணிக்கத்தின் மனைவி அருணாதேவியின் தம்பி, நல்லவன்தான். "எப்ப வேணா வாங்க மாமா, உங்களுக்குன்னு ஒரு ஸ்டூலு போட்டு வெக்கறேன்" என்று போனில் அன்போடு சொல்லியிருந்தான். அந்த ஸ்டூல் ராஜமாணிக்கத்தின் கனவில் வர ஆரம்பித்திருந்தது.

"உங்க கடையில எல்லாமே இருக்குங்க. கதைதான் இல்ல" என்றார் அறிவுச்செல்வன், எல்லாவற்றையும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு.

"பித்தளை இருக்கு, எவர்சில்வர் இருக்கு. கதைக்கு நான் எங்கங்க போறது?"

"நீங்க குடம் விக்காதீங்க. நல்ல குடம் இல்லாத ஒரு பொண்ணோட கண்ணீர வித்துடுங்க."

"கண்ணீர எட போட்டா விக்கறது?"

"சிரிங்க, பரவால்ல. எதிர்க்கடைக்காரன் லிஃப்ட்ட காட்றான். நீங்க மாமியார காட்டுங்க. ஊர் மொத்தமும் சாயங்காலமானா எதுக்கு டி.வி. முன்னாடி உக்காருது? மாமியார் மருமவள என்னா சொல்லப் போறாள்னு பாக்கத்தானே?"

இதில் உண்மை இல்லை என்று சொல்ல முடியாது. அவர் சொன்னதன் பின்னணியை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாண மண்டபத்தில் பெண் வீட்டுச் சீர்ப் பாத்திரங்களை எல்லாரும் பார்க்கும்படி அடுக்கி வைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பந்தியில் சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, அதைச் சுற்றி வருவார்கள். யாராவது ஒருத்தி குடத்தை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்ப்பாள். எவர்சில்வர் எடைக்கு விற்கிற சரக்கு. இரண்டு குடங்கள் பார்வைக்கு ஒன்றாகவே இருந்தாலும் தகடு கனமா மெலிசா என்பது தூக்கினால்தான் தெரியும். குடம் லேசாக எழும்பி வந்துவிட்டால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். பக்கத்தில் இருப்பவளைப் பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குக் கல்யாணப் பெண் பல வருஷம் சமையலறையில் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

அறிவுச்செல்வன் இதைத்தான் கதையாக்கினார். பெயர் 'கண்ணீர்க் குடம்'. தினமும் மூன்று நிமிஷம். மெலிசான குடம் கொண்டுவந்த மருமகளை மாமியார் படுத்துவாள். மருமகள் அழுவாள். அழுகை உச்சத்தில் இருக்கும்போது 'தொடரும்'. கடையின் பெயர் எங்கேயும் வராது. ஆடி மாதம் முழுக்க ஊர் ஏங்கிக் கிடக்க, ஆடிக் கடைசியில் ராஜமாணிக்கம் கனமான குடத்தோடு கதாநாயகனாக நுழைவார். ஆவணியில் கூட்டம் தாங்காது.

மாமியாராக நடிக்க நாடகக் குழுவிலிருந்து ஓர் அம்மாளை வரவழைக்கலாம் என்றேன்.

"எதுக்கு வெளி ஆளு? நான் இல்ல?" என்றாள் அருணாதேவி. அவள்தான் கடையில் கல்லாவில் உட்காருகிறவள்.

"ஆமாம் ஆமாம், இவளுக்கு ஒத்திகையே வேணாங்க" என்றார் ராஜமாணிக்கம். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் உடனே தராசைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

மருமகளாக மணிமொழி. அதே கடையில் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற பெண். பெயர் வெட்டும் மிஷின் ஒரு தடிமனான பேனா மாதிரி இருக்கும். உள்ளே ஊசி ஒன்று விடாமல் அதிரும். எவர்சில்வரில் வைத்தால் புள்ளி புள்ளியாக எழுத்து விழும். நாள் முழுக்க அந்தச் சத்தத்தைக் காதருகே கேட்டுக் கேட்டு அவள் முகத்தில் நிரந்தரமாக ஒரு சோகம் படிந்திருந்தது. கிளிசரின் செலவு மிச்சம்.

ஒளிபரப்பு என் பொறுப்பு. கேபிள் டி.வி. வேலை செய்கிற விதம் எளிமையானது, ஆனால் அழகானது. மொட்டை மாடியில் இருக்கும் பெரிய டிஷ் குடைகள் வானத்திலிருந்து சானல்களை வாங்கித் தருகின்றன. ஒவ்வொரு சானலுக்கும் ஒரு பெட்டி. அது பஸ் கண்டக்டர் மாதிரி, ஒருத்தர் மேல் ஒருத்தர் விழாமல் எல்லாச் சானலையும் ஒரே ஒயரில் ஆளுக்கொரு நம்பரில் உட்கார வைக்கிறது. கூடுதலாக ஒரு பெட்டி வாங்கி, குடைக்குப் பதிலாக அதில் வி.சி.ஆரைச் செருகினால், அந்த நம்பருக்கு நானே சானல். என் சானலில் சாயங்காலம் போன் பண்ணிக் கேட்பவர்களுக்குப் பாட்டுப் போடுவேன். தன் பெயரை டி.வி.யில் பார்க்கக் காத்திருப்பவன் எழுந்து போக மாட்டான். அந்தப் பாட்டுகளுக்கு நடுவே 'கண்ணீர்க் குடம்' போட்டோம்.

முதல் நாளே அருணாதேவி குடத்தை ஒற்றைக் கையால் தூக்கி, இரண்டு விரலில் பிடித்து, மணிமொழியின் முகத்துக்கு நேரே ஆட்டி, "இது குடமா, அப்பளமாடீ?" என்றாள். அறிவுச்செல்வன் எழுதிய வசனம் அது இல்லை. அவர் எழுதியது அரைப் பக்கம் இருந்தது.

ஒரு வாரத்தில் ஊருக்கே அது வாயில் ஒட்டிக்கொண்டது. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர்கள் ஒருத்தன் வண்டியைப் பார்த்து இன்னொருத்தன், "இது ஆட்டோவா, அப்பளமா?" என்று கேட்டார்கள். கரண்ட் போன நாளில் என் வீட்டுக்கு ஆட்கள் வந்து கதையைக் கேட்டுக்கொண்டு போனார்கள். சுற்றுப்பட்டு ஊர்க் கேபிள்காரர்களும் கேசட்டை நகல் எடுத்துத் தங்கள் சானலில் போட்டார்கள். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், டீக்கடை டி.வி.யில் பார்த்துவிட்டு அந்த அம்மாளுக்கு மன அமைதி கிடைக்கப் பிரார்த்தனை செய்வதாகச் சொன்னாராம்.

அறிவுச்செல்வனின் பாடங்கள் எல்லாமே பலித்தன என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஊர் அழுதது. ஊர் பயந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாரும், நம் பெண்ணுக்கு இந்தக் கதி வரக்கூடாது என்று, ஆடி முடியும்வரைகூடப் பொறுக்காமல் கனமான குடம் வாங்கக் கிளம்பினார்கள். எதிர்க்கடைக்குப் போய் வாங்கினார்கள். அங்கேதானே லிஃப்ட் இருந்தது? இந்தப் பக்கத்துக் கதாநாயகன் இன்னும் நுழையவே இல்லையே.

எதிர்க்கடைக்காரர் எந்த வகுப்புக்கும் போனவர் இல்லை. வாசலில் ஒரு துணி பேனர் மட்டும் கட்டினார். 'அழாதே மகளே, உள்ளே வா.'

அதைவிட மோசமானது இன்னொன்று. பெரிய ஊரில் டி.வி.யில் நடிப்பவளை யாரும் நேரில் பார்ப்பதில்லை. எங்கள் ஊரில் மாமியார் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். நாலடி தள்ளி மருமகள் மிஷினோடு உட்கார்ந்திருந்தாள். கடைக்குள் காலை வைத்த பெண்கள் அருணாதேவியைப் பார்த்ததும் காலைப் பின்னால் எடுத்தார்கள். எடுக்காதவர்கள் சண்டைக்கு வந்தவர்கள்.

"ஏம்மா, உனக்கு மனசாட்சியே இல்லியா? டி.வி.யில அழவெக்கறது பத்தாதுன்னு இங்கயும் இஸ்துகினு வந்து மிஷின்ல உக்கார வெச்சிருக்கற?" என்றாள் பூ விற்கிற பாஞ்சாலை.

"அக்கா, நான் இங்க வேல செய்யறேங்கா. அது நடிப்பு" என்றாள் மணிமொழி.

"பயப்படாத கண்ணு. அவ பக்கத்துல உக்காந்திருந்தா நீ அப்பிடித்தான் சொல்லுவ." பாஞ்சாலை ஒரு முழம் மல்லிகையை மணிமொழி தலையில் வைத்துவிட்டு, அருணாதேவியை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள். மணிமொழி அந்த ஆடியில் பூவுக்குக் காசே கொடுக்கவில்லை.

ராஜமாணிக்கம் வேங்கிக்காலுக்கு ஓடினார். "என்ன இப்பவே உள்ள உட்டுடுங்க. கதாநாயகனா வந்துடறேன். கடையில ஈ காக்கா இல்ல."

"இடைவேளையே வரலயேங்க. இப்ப வந்தா சப்புனு போயிடும்."

"கடை போயிடும்யா!"

ஒருவழியாக ஆடிக் கடைசி வெள்ளியன்று கதாநாயகன் நுழைந்தார். பட்டுச் சட்டை, சாம்பிராணிப் புகை, முதுகுக்குப் பின்னால் என் மொபெட்டின் ஹெட்லைட். முதலில் செருப்பு, அப்புறம் கை, அப்புறம் குடம். "கவலைப்படாதே அம்மா, நான் இருக்கிறேன்" என்று மணிமொழியிடம் கனமான குடத்தை நீட்டினார். கீழே கடையின் பெயரும் விலாசமும் ஓடின. நானே மெய்சிலிர்த்துப்போனேன்.

மறுநாள் காலை டீக்கடையில் ஊர் அந்தக் காட்சிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. விளக்கம் மிகத் தெளிவாக இருந்தது.

"பாத்தியா, மாமியாக்காரி புருசனே குடம் விக்கறான்."

"அதான் இத்தினி நாளா அந்தப் பொண்ணு குடத்துக்கு அவ கொற சொல்லினே இருந்திருக்கா. புருசனும் பொண்டாட்டியுமா சேந்து நம்ம தலையில குடத்த கட்டறதுக்கு!"

விளம்பரம் என்றால் என்ன என்று இதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது. அறிவுச்செல்வனின் வகுப்பில்கூட இது வந்ததில்லை. ஆனால் ஊர் அதைக் கதைக்குள்ளேயே வைத்துப் புரிந்துகொண்டது; ராஜமாணிக்கமும் வில்லனாகிவிட்டார்.

ஆவணியின் முதல் முகூர்த்தம் வந்து போனது. மேளச் சத்தம் நாலு மண்டபத்திலிருந்தும் கேட்டது. ஒரு கரண்டிகூட ராஜமாணிக்கம் கடையிலிருந்து எந்த மண்டபத்துக்கும் போகவில்லை. அன்றைக்கு அவர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் வேலூருக்குப் பேசிவிட்டு வந்தார். திரும்பி வந்து, அடுத்த திங்கட்கிழமை தான் மட்டும் முன்னால் போவதாகவும், சரக்கை எதிர்க்கடைக்காரரே எடுத்துக்கொள்ளக் கேட்கலாம் என்றும் சொன்னார். அருணாதேவி யாரும் தொடாத குடங்களில் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கணக்குத் தீர்ந்தது என்று நினைத்து நானும் கேபிள் ஒயரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பத் தயாரானேன்.

அப்போது ஒரு பெண்மணி காலைப் பின்னால் இழுக்காமல் நேராகக் கடைக்குள் வந்தாள். வேட்டவலம் பக்கத்துக் கன்னியம்மாள். ஆவணிக் கடைசியில் அவள் மகனுக்குக் கல்யாணம். பின்னால் பெண்ணின் அப்பா சடையன், துண்டை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு வந்தார். கத்திரி வெயிலில் கரும்பு வெட்டும்போதுகூட அவர் முகம் அவ்வளவு வேர்த்திருக்காது.

கன்னியம்மாள் அருணாதேவியைப் பார்த்துக் கும்பிட்டாள். "உங்கள பாக்கத்தாம்மா வந்தேன். தெனமும் பாக்கறேன். எங்க ஊர்ல என்னாட்டம் மாமியாருங்க எல்லாருமே பாக்கறோம். குடத்த ரெண்டு வெரல்ல புடிச்சி ஆட்டனீங்களே, யப்பா! இவுரு சீரு வாங்கப் போறாரு. எது எதுன்னு நீங்கதான் தூக்கிப் பாத்து சொல்லணும்."

ராஜமாணிக்கத்துக்கு விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது. ஊரில் பெண்ணைப் பெற்றவர்கள் பாதி என்றால் மீதிப் பாதி பையனைப் பெற்றவர்கள். அந்தப் பாதிக்கு அருணாதேவி வில்லி இல்லை, வழிகாட்டி. அவர் ஏணியில் ஏறி, கடையிலேயே கனமான குடத்தை இறக்கிக் கொண்டுவந்து வைத்தார். 'தூக்கிப் பார்த்து, இதுதான் சரி என்று சொல்' என்று மனைவிக்குக் கண்ணால் ஜாடை காட்டினார். சடையன் அந்தக் குடத்தைப் பார்த்தார். அதன் எடை அவருக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது.

அருணாதேவி குடத்தைத் தூக்கினாள். கன்னியம்மாளைப் பார்த்தாள். டி.வி.யில் பார்க்கிற அதே பார்வை. மணிமொழி பழக்கதோஷத்தில் அழத் தயாரானாள்.

"தண்ணி எங்க புடிக்கறீங்க?" என்றாள் அருணாதேவி.

"தெருக்கோடி பைப்புலம்மா."

"இந்தக் குடத்த வாங்கிக் குடுத்தா உன் மருமவ முதல் நாளு புடிப்பா. ரெண்டாம் நாளு இடுப்புல புடிச்சிக்கிச்சிம்பா. மூணாம் நாளு உன் புள்ளையே வந்து, 'ம்மா, அவளுக்கு முடியல, நீ போயி ரெண்டு கொடம் புடிச்சிட்டு வா'ம்பான். போறியா?"

கன்னியம்மாள் வாயில் கை வைத்தாள். "ஆமாந்தான்!"

"அத்தனாலதான் சொல்றேன். கனம் கம்மியா வாங்கு. சாக்கு சொல்ல முடியாது பாரு, அவளே தூக்கியாவணும்." அருணாதேவி நடுத்தரக் குடம் ஒன்றைத் தள்ளி வைத்தாள். "அண்டாவும் ஜாஸ்தி பெருசு வேணாம். பெரிய அண்டா இருந்தா விருந்தாளி ஜாஸ்தியா வருவாங்க. ஆக்கிப் போடறது யாரு?"

"அம்மாடி, எவ்ளோ மூளை!" என்றாள் கன்னியம்மாள். சடையனின் துண்டு முறுக்கு விட்டுக்கொண்டிருந்தது. என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை; புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் பயம்.

பெயர் வெட்ட வேண்டிய கட்டம் வந்தது. "எம் பேர வெட்டச் சொல்லிடுங்கம்மா. எங்க வீட்டுக்கு வர்ற பொருளாச்சே" என்றாள் கன்னியம்மாள்.

"பைத்தியமா உனக்கு? உன் பேரு இருந்தா, நெளிஞ்சா உடைஞ்சா 'உங்குளுதுதானே அத்த'ன்னு போயிடுவா. மருமவ பேர வெட்டு. அப்பத்தான் ஒண்ணு நெளிஞ்சாலும் 'உன் பொருள நீயே பாத்துக்க மாட்டியாடீ'ன்னு புடிச்சித் திட்ட முடியும்."

கன்னியம்மாள் குருவைக் கண்ட சிஷ்யை மாதிரி நின்றாள். மணிமொழி மிஷினைப் போட்டாள். குடம், அண்டா, தவலை, குத்துவிளக்கு எல்லாவற்றிலும் சடையன் மகள் பெயர் புள்ளி புள்ளியாக விழுந்தது. முழுச் சீரும் ராஜமாணிக்கம் கடையில் வாங்கப்பட்டு மினி லாரியில் ஏறியது. வெளியே போகும்போது சடையன் அருணாதேவியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் ஒரு கும்பிடு போட்டார்.

"நான் கண்ண காட்டனேன் இல்ல? கனத்த தள்ளி உடாம ஏன்டீ?" என்றார் ராஜமாணிக்கம்.

"கனமான குடம் நம்ம கடையில எத்தினி இருக்கு?"

அவர் அண்ணாந்து பார்த்தார். இறக்கி வைத்த அந்த ஒன்றுதான். 'கண்ணீர்க் குடம்' பார்த்துவிட்டு எதிர்க்கடைக்காரர் கம்பெனியில் இருந்த கனமான சரக்கு முழுவதையும் மொத்தமாக வாங்கி அடுக்கியிருந்தார். இந்தப் பக்கம் இருந்ததெல்லாம் நடுத்தரம்.

"இருக்கறதத்தானே விக்க முடியும்?" என்றாள் அவள். சடையனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமைக்குள் வேட்டவலத்திலிருந்து மூன்று மாமியார்கள் வந்துவிட்டார்கள். அடுத்த வாரம் போளூர், தண்டராம்பட்டு. எதிர்க்கடையில் வாங்கிய கனமான குடத்தை மாற்றித் தரச் சொல்லி அங்கே சிலர் சண்டை போட்டார்களாம். ஒவ்வொரு மாமியார் பின்னாலும் ஒரு பெண்ணின் அப்பா வேர்த்து விறுவிறுத்து வருவார். போகும்போது பாதி வேர்வை காய்ந்திருக்கும். 'கண்ணீர்க் குடம்' நிற்காமல் தினமும் ஓடியது. ராஜமாணிக்கம் வேலூருக்குப் போன் செய்து, வரவில்லை என்றார். மச்சான் வருத்தப்பட்டான், ஸ்டூலுக்குப் புதிதாகக் குஷன் தைத்திருந்தானாம்.

மாதக் கடைசியில் அறிவுச்செல்வன் ஒரு பையோடு கடைக்கு வந்தார். இப்படித்தான் நடக்கும் என்று ஆரம்பத்திலிருந்தே தனக்குத் தெரியும் என்றும், இது எட்டாவது பாடம் என்றும் விளக்கினார். அதுவரை ஏழு பாடம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பையிலிருந்து தாள்களை எடுத்தார். 'கண்ணீர்க் குடம்' கடைசி வாரம். மாமியாருக்குக் காய்ச்சல் வரும். மருமகள் இரவும் பகலும் கூட இருந்து பார்த்துக்கொள்வாள். மாமியார் மனம் திருந்தி அவளைக் கட்டிப்பிடித்து அழுவாள். எந்தக் காவியமானாலும் முடிவில் நன்மைதானே என்றார்.

கடையில் அப்போது மூன்று ஊர் மாமியார்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அருணாதேவி தாள்களை ஒன்றுவிடாமல் படித்தாள். மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"திருந்தறதா? இவங்க காதுல உழுந்தா நாளைக்கே என்கிட்ட யோசன கேக்க வர மாட்டாங்க. அப்புறம் அந்தப் பொண்ணுங்களுக்கு யாரு குடம் எடுத்துக் குடுப்பா? போயி, நாளைக்கு இவள என்னா சொல்லித் திட்டணும்னு எழுதிட்டு வாங்க. நல்லா ஒறைக்கிற மாதிரி எழுதுங்க."

மணிமொழி மிஷினை நிறுத்திவிட்டு, மூக்கை உறிஞ்சிப் பழகிக்கொண்டாள்.